குடைக்கம்பி

எஸ் வளைவு ஏறும்போதே தெரிந்துவிட்டது.
பிரேக் கட்டையாக இருந்தது.
எழுந்து நின்று மிதித்தால்தான்
ஆம்னி கொஞ்சம் யோசித்தது.
புளியரைக்கே திரும்பியிருக்கலாம்.
பின்னால் பதினோரு மூட்டை கேந்தி,
நாலு மூட்டை வாடாமல்லி.
புனலூரில் இன்று அத்தம்.
ஒன்பது மணி தாண்டினால்
கிலோவுக்கு இருபது ரூபாய் கீழே.

கோட்டைவாசலில் ஓரங்கட்டி
சக்கரங்களுக்குக் கல் கொடுத்து
ஜாக்கியை நம்பாமல் ஸ்டெப்னியையும் தள்ளிவைத்து
சாக்கு விரித்து அடியில் போனேன்.
என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது.
எங்கோ ஒரு மூச்சு,
பல்லிடுக்கில் காற்றை இழுக்கிற ஆள் மாதிரி.
காதால் தேடினால்
எல்லா இடத்திலிருந்தும் கேட்டது.

செங்கோட்டை மெக்கானிக் பிச்சாண்டி போனில் சொன்னான்:
"வேக்குவம் ஓசுடே. சாமிக்கு வச்ச பத்தி இருக்கும்லா,
கொளுத்திக் காட்டு. பெட்ரோல் லைன் பக்கம் போயிராத."

புகை நேராக எழுந்தது.
தரைத் தகட்டைத் தொட்டது, பரவியது.
ஓரிடத்தில் மட்டும்
கழுத்தைத் திருப்பிக்கொண்டு
குழாய்க்குள் போனது.

கிளிப் விட்டுத் தொங்கி
சைலன்சரில் சாய்ந்து கிடந்திருக்கிறது, எத்தனை நாளோ.
நாலு விரல் நீளத்துக்கு உருக்கம்.
நடுவில் நகக்கண் அளவு ஓட்டை.

டேப் சுற்றினேன். உள்ளே இழுத்துக்கொண்டது.
சைக்கிள் ட்யூபை வெட்டிச் சுற்றினேன்.
பட்டினி நாயின் வயிறாய் ஒட்டிப்போனது.
பிச்சாண்டி சிரித்தான்.
"தண்ணி போற குழாய்னா வெளிய தள்ளும், கட்டு தாங்கும்.
இது உறிஞ்சுகதுல்லா. உள்ளுக்கு இரும்பு கொடு."

பதினெட்டு வருடமாக ஓட்டுகிறேன்.
பெட்ரோல் போகிற குழாய் தெரியும்.
தண்ணீர் போகிற குழாய் தெரியும்.
ஒன்றுமில்லாதது போய்வரவும்
ஒரு குழாய் உண்டென்று
முதுகில் ஜல்லி குத்தப் படுத்தபோதுதான் தெரிந்தது.
இவ்வளவு நாளும் அந்த ஒன்றுமில்லாதது
என் காலோடு சேர்ந்து மிதித்திருக்கிறது.
காலை மட்டும் நான் மெச்சியிருக்கிறேன்.

"எந்து பற்றி?"
அடியிலிருந்து பார்த்தால்
ரப்பர் செருப்பும் நனைந்த சேலை ஓரமும்.
லாட்டரிக் கடை ரெம்லத்.
இரும்புக் குழாய் ஒரு துண்டு, சுண்டுவிரல் தடிமன் என்றேன்.
போனாள். வந்தாள்.
துணி கிழிந்த குடை ஒன்றை
வண்டிக்கடியில் நீட்டினாள்.
ஆலப்புழைக் குடை. சாரல் காற்றில் செத்ததாம்.
கம்பிக்கு ஒன்றும் ஆகவில்லை.
"கைப்பிடி எனக்கு வேணும்" என்றாள்.
கொளுத்துப்போட்டு
உயரத்தில் தொங்கும் சீட்டுகளை இழுக்க.

ஆக்ஸா பிளேடால் எட்டு விரல் அறுத்தேன்.
பிசிறை ரோட்டோரக் கல்லில் தேய்த்தேன்.
உருகிய துண்டை எறிந்துவிட்டு
இந்தப் பக்கம் இரண்டு விரல், அந்தப் பக்கம் இரண்டு விரல்
எச்சில் தடவிச் சொருகினேன்.
மூட்டை கட்டியிருந்த கம்பியை அவிழ்த்து
இறுக்கி முறுக்கி,
மிச்சக் கம்பியால் குழாயைச்
சைலன்சர் எட்டாத உயரத்தில் கட்டினேன்.
மறுபடியும் பத்தி.
புகை எங்கும் திரும்பவில்லை.
மேலே போய்க் கலைந்தது.

என்ஜினை அணைத்து ஐந்தாறு மிதி.
கல்லாய் நின்றது.
மிதித்தபடியே சாவியைத் திருப்பினேன்.
பாதத்துக்கடியில்
ஒரு விரற்கடை இறங்கியது,
பஸ்ஸில் யாரோ நகர்ந்து இடம்விடுவது போல.

காசு நீட்டினேன், வாங்கவில்லை.
சீட்டு ஒன்று எடுக்கச் சொன்னாள்.
எனக்கு அந்தப் பழக்கமில்லை.
இரண்டு கை கேந்தி அள்ளிக் கொடுத்தேன்.
எடைபோடுகிறவள் மாதிரி ஏந்திப் பார்த்துவிட்டு
கல்லாப்பெட்டி மேல் கொட்டினாள்.

ஆரியங்காவு தாண்டியதும் மழை பிடித்தது.
குடை எனக்குக் கீழே இருந்தது.
தென்மலை இறக்கத்தில்
ரப்பர் தடி ஏற்றிய லாரி ஒன்று
சொல்லாமல் நின்றது.

பாதிப் பாதம் போதுமாயிருந்தது.